காற்கட்டும் கண்கட்டும்

முன்னங்காலில் துணி சுற்றிய குதிரையின்மீது பணம் கட்டலாமா, கூடாதா?

கேள்வி சிறியது. கேட்பவர் பாமரரல்லர். எண்ணும் எழுத்தும் கற்றவர். பட்டியலைப் புரட்டி, பென்சிலால் கோடிட்டு, கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவர். நிலவுக்கு மனிதனை அனுப்பி மீட்ட அமெரிக்க நாட்டிலே, பந்தயத் திடலின் வேலியோரத்தில் நின்றுகொண்டு அவர் இதைக் கேட்கிறார். ஓட்டத்துக்கு முன்னர்க் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகின்றனர். பளபளக்கும் மேனியையோ, நிமிர்ந்த கழுத்தையோ அவர் பார்ப்பதில்லை. அவர் கண்கள் முழங்காலுக்குக் கீழேயே மேய்கின்றன.

"முதல் தடவையாக முன்னங்காலில் கட்டு! ஏதோ கோளாறு. தொடாதே" என்கிறார் ஒருவர். "சென்ற முறையும் கட்டோடுதான் ஓடியது, வென்றது. துணிந்து போடு" என்கிறார் அடுத்தவர். "கட்டை அவிழ்த்துவிட்டார்கள் பார், கால் தேறிவிட்டது" என்கிறார் மூன்றாமவர். "அவிழ்த்ததில்தான் சூது இருக்கிறது" என்கிறார் நான்காமவர். ஒரே துணி, நான்கு ஆரூடம்!

பல்லி எந்தத் திசையில் ஒலித்தது என்று பார்த்துப் பயணம் புறப்பட்டவரைக் கண்டு நாம் நகைத்தோம். பூனை குறுக்கே போனதால் வீடு திரும்பியவரைக் கண்டு வருந்தினோம். அவருக்காவது அது பாட்டன் சொன்ன பழக்கம். இவரோ, "இது சகுனமன்று, ஆராய்ச்சி" என்கிறார். ஆராய்ச்சி என்று சொன்ன பிறகு ஆராயாமல் விடுவது நமக்கு அழகன்று. ஆராய்வோம்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுவோம். சிகாகோ நகரில் 1894ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'டெய்லி ரேசிங் பார்ம்' என்னும் ஏடு, ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் வரிவரியாக அச்சிட்டுத் தருகிறது. எந்தத் திடல், எத்தனை தொலைவு, எவ்வளவு சுமை, எத்தனையாவதாக வந்தது என்ற விவரங்களோடு, கண்பட்டை அணிந்ததா, இரத்தக்கசிவுக்கு மருந்து ஊசி போடப்பட்டதா என்பனவற்றையும் ஓரெழுத்துக் குறிகளால் காட்டுகிறது. முன்னங்காலில் கட்டு இருந்ததா என்பதற்கும் ஒரு குறி உண்டு: 'எஃப்' என்னும் சிற்றெழுத்து. அச்சேறிய எழுத்துக்கு அறிவின் மதிப்பு தானாக வந்துவிடுகிறது. பஞ்சாங்கமும் அச்சில்தானே வருகிறது!

அந்த ஓரெழுத்து என்ன சொல்கிறது? துணி இருந்தது என்று சொல்கிறது. ஏன் இருந்தது என்று சொல்கிறதா? இல்லை. அங்கேதான் ஆராய்ச்சி முடிந்து ஆரூடம் தொடங்குகிறது.

குதிரைக்கு ஏன் கட்டுப் போடுகிறார்கள்? காரணம் ஒன்றன்று.

பின்னங்காலில் போடும் கட்டைப் பாருங்கள். குதிரை பாய்ந்தோடும்போது குளம்புக்கு மேலுள்ள கணு தாழ்ந்து தரையைத் தொட்டுவிடும் அளவுக்கு வளைகிறது. மணல் தோலை உராய்ந்து புண்ணாக்குகிறது. அதைத் தடுக்கத்தான் அங்கே கட்டு. அது நோயின் அடையாளமன்று, தரையின் அடையாளம்.

முன்னங்காலுக்கு வருவோம். ஓடும்போது ஒரு காலின் குளம்பு மற்றொரு காலில் இடிக்கும் குதிரைகள் உண்டு. அடிபடாமல் காக்கக் கட்டு. பழைய தசைநாண் காயம் ஆறியும் ஐயம் ஆறாத பயிற்சியாளர் உண்டு. அவர் மன நிறைவுக்குக் கட்டு. தம் கொட்டிலில் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் வழக்கமாகக் கட்டிவிடும் பயிற்சியாளரும் உண்டு. இவையன்றி ஐந்தாவதாக ஒரு காரணமும் உண்டு. அது குதிரையின் காலைப் பற்றியதன்று. மனிதனின் மூளையைப் பற்றியது.

அமெரிக்கப் பந்தயங்களில் ஒருவகை உண்டு. ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே விலை குறித்துவிடுவர். உரிமம் பெற்ற எவரும் ஓட்டத்துக்குமுன் சீட்டு எழுதிப் போட்டு அந்த விலைக்கு அக்குதிரையை வாங்கிக்கொள்ளலாம். ஓட்டம் தொடங்கியதும் குதிரை கைமாறிவிடும். இப்போது பயிற்சியாளரின் நிலையில் நின்று எண்ணிப் பாருங்கள். நல்ல குதிரை, இழக்க மனமில்லை. என்ன செய்வார்? நலமான காலில் கட்டைச் சுற்றி, "இதற்கு ஏதோ கேடு" என்று வாங்குவோரை எண்ணவைப்பார். கெட்ட குதிரை, தள்ளிவிட வேண்டும். என்ன செய்வார்? கட்ட வேண்டிய காலை வெறுங்காலாக அனுப்பி வாங்குவோரை வரவழைப்பார். பந்தயத் திடலில் பழகியவர் எவரும் அறிந்த பழைய தந்திரம் இது. ஓட்டத்துக்குப் பின் குதிரை நொண்டுவதாக மருத்துவர் கண்டால் விற்பனை செல்லாது என்று பின்னாளில் விதி செய்ய வேண்டியிருந்தது என்றால், அந்தத் துறையிலே ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினர் என்பது விளங்கவில்லையா?

புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது தருக்கம். ஆனால் ஐந்து வேறு அடுப்புகளிலிருந்து ஒரே புகை வருமானால், அவற்றுள் ஒன்று வேண்டுமென்றே மூட்டிய பொய்ப் புகையும் ஆனால், புகையைப் பார்த்து எந்த அடுப்பு என்று சொல்வது தருக்கமாகுமா? குருட்டாம்போக்குக்குத் தருக்கம் என்று பெயர் சூட்டினால் அதற்குக் கண் வந்துவிடுமா?

"எண்ணிக்கையைப் பாருங்கள். முன்கட்டுப் போட்ட குதிரைகள் குறைவாகவே வெல்கின்றன" என்று சிலர் கூறுவர். இருக்கட்டும், அப்படியே வைத்துக்கொள்வோம். குடை பிடித்து வருவோரின் செருப்பில் சேறு மிகுதி என்பதும் எண்ணிப் பார்த்தால் உண்மையாகவே இருக்கும். அதனால் குடை சேற்றை உண்டாக்குகிறது என்று எழுதும் மாணவனுக்கு நாம் என்ன மதிப்பெண் தருவோம்? வயதான குதிரை, பலமுறை ஓடிக் களைத்த குதிரை, மலிவு விலைப் பந்தயத்துக்கு இறங்கிவிட்ட குதிரை ஆகியவற்றின் காலில் கட்டு மிகுதியாக இருக்கலாம். அக்குதிரை தோற்பது வயதாலும் களைப்பாலுமா, துணியாலா? வயதும் பழைய ஓட்டங்களும் ஏற்கெனவே பட்டியலில் உள்ளன. துணி புதிதாகச் சொன்னது என்ன?

அதையும் விட்டுக்கொடுப்போம். துணி உண்மையிலேயே ஏதோ சொல்கிறது என்றே கொள்வோம். அப்போதும் பணம் கட்டியவர் கைக்கு ஏதேனும் வருமா?

'டோட்' முறையில் பணம் கட்டுபவர் திடலை எதிர்த்துக் கட்டவில்லை. பக்கத்தில் நிற்பவரை எதிர்த்துக் கட்டுகிறார். எல்லார் பணமும் ஒரே குவியலாகச் சேர்கிறது. அதிலிருந்து திடலுக்கும் அரசுக்கும் உரிய கழிவை முதலில் எடுத்துவிடுகின்றனர். எஞ்சியதையே வென்றவர்கள் பங்கிடுகின்றனர். அமெரிக்கத் திடல்களில், வெல்லும் குதிரைக்கு மட்டும் கட்டும் பந்தயத்திலே இந்தக் கழிவு பெரும்பாலும் நூற்றுக்கு 15 முதல் 18 வரை. இரண்டு மூன்று குதிரைகளைச் சேர்த்துக் கட்டும் பந்தயங்களில் 20ஐயும் தாண்டும். கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவோம்: குவியலில் ஒரு லட்சம் டாலர், கழிவு 17 விழுக்காடு, பங்குக்கு மீதி 83,000. ஆட்டம் தொடங்குமுன்பே கூட்டம் 17,000 டாலரைத் தோற்றுவிட்டது. குதிரை இன்னும் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை!

இந்த இழப்பை மீட்க வேண்டுமானால், மற்றவர் அறியாததை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். காலில் சுற்றிய துணி எவர் கண்ணுக்கு மறைவு? ஆயிரம் பேர் பார்க்க நடத்திவரும் குதிரை அது. ஏட்டில் அச்சான குறி அது. எல்லாரும் கண்டு, எல்லாரும் அஞ்சி, எல்லாரும் ஒதுங்கினால் அந்த அச்சமெல்லாம் ஓட்டத்துக்கு முன்பே பலகையில் தெரியும் விகிதத்தில் கலந்துவிடுகிறது. ஊரறிந்த இரகசியத்துக்கு எந்தச் சந்தையில் விலை கிடைக்கும்?

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். பேசாத ஒன்று இருக்கிறது. பேச வாயில்லாத ஒன்று.

பந்தயக் குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோ. அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடுகிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம், உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பாரத்தை ஒற்றை முன்னங்கால் தாங்குகிறது. முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. எலும்பும், எலும்பை ஒட்டி இறங்கும் தசைநாண்களும், அவற்றின்மேல் தோலும்தான். நம் கட்டைவிரல் பருமனே உள்ள நாண், வில்லின் நாணைப்போல் நீண்டு சுருங்கி அத்தனை விசையையும் ஏற்கிறது. இவ்வளவு பாரத்தை நான்கு சுற்றுத் துணி தாங்குமா? இடியும் பாலத்தைச் சேலைத் தலைப்பால் கட்டி நிறுத்துவது எப்படியோ அப்படி! உராய்வைத் தடுக்கும், இடியைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே. ஓடும் குதிரையின் தசைநாணுக்குள்ளே வெப்பம் 45 டிகிரி செல்சியசு வரை ஏறக்கூடும் என்று 1994ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த வெப்பம் வெளியேற வேண்டிய இடத்தில் மேலும் ஒரு போர்வையைச் சுற்றுவது நன்மையா என்று கால்நடை மருத்துவர்கள் கேட்கின்றனர்.

குதிரைகளைக் கொல்லும் முறிவுகள் எங்கிருந்து வருகின்றன? கலிபோர்னியா மாநிலத்தில் 1990 முதல், பந்தயத் திடலில் மாண்ட குதிரைகளைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அறுத்து ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்ட பேருண்மை இது: முறிந்த இடத்தில் பெரும்பாலும் முன்னமே நுண்ணிய சேதம் இருந்தது. ஒருநாள் விபத்தன்று அது. பல நாள் வளர்ந்த கேடு. துணிக்குள்ளேயுமன்று, தோலுக்குள்ளேயுமன்று, எலும்புக்குள்ளே. எலும்புக்குள் இருக்கும் விரிசலை வேலியோரத்திலிருந்து பைனாகுலரால் பார்த்தவர் யார்?

2012ஆம் ஆண்டு 'ஐ வில் ஹாவ் அனதர்' என்னும் குதிரை, கென்டக்கி டெர்பியையும் பிரீக்னசையும் வென்றது. மூன்றாவதான பெல்மான்டையும் வென்றுவிட்டால், 1978க்குப் பின் எந்தக் குதிரைக்கும் கிட்டாத மும்முடி அதற்குக் கிட்டியிருக்கும். நாடே காத்திருந்தது. ஓட்டத்துக்கு முந்தைய நாள், இடது முன்னங்காலின் தசைநாணில் அழற்சி தொடங்கியிருப்பது தெரியவந்து அதை விலக்கிக்கொண்டனர். கவனியுங்கள்: காலைத் தொட்டுச் சோதித்தவர்களுக்கே அது தெரிந்தது. உலகமே உற்றுப் பார்த்த குதிரையின் நிலைமையே இதுவானால், எவரும் பெயரறியாத மலிவுக் குதிரையின் நிலைமை என்ன?

2018 டிசம்பர் இறுதியிலிருந்து 2019 ஜூன் வரை, சான்டா அனிட்டா என்னும் ஒரே திடலில், ஒரே பருவத்தில், 30 குதிரைகள் மாண்டன. நாடு அதிர்ந்தது. 2020 டிசம்பரில் குதிரைப் பந்தய நேர்மைக்கும் பாதுகாப்புக்குமாக நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2022 ஜூலை முதல் நாள் அதன் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளில் ஒன்றை நண்பர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டுகிறோம்: ஓட்டத்துக்குமுன் மருத்துவர் சோதனைக்கு வரும் குதிரையைக் கட்டுகளை அவிழ்த்துவிட்டே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அவிழ்த்துவிட்டு!

அறிந்தவர் கட்டை அவிழ்த்துவிட்டுக் காலைப் பார்க்கிறார். அறிந்ததாக எண்ணுபவர் காலை விட்டுவிட்டுக் கட்டைப் பார்க்கிறார். அறிவுக்கும் ஆரூடத்துக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக வேறெங்கே தெரியும்?

பயன் என்ன ஆயிற்று? 2009இல் கணக்கெடுப்புத் தொடங்கியபோது, ஆயிரம் முறை குதிரைகள் ஓடினால் இரண்டு மாண்டன. 2024இல் அந்த ஆணையத்தின்கீழ் உள்ள திடல்களில் அது ஆயிரத்துக்கு 0.90 ஆகக் குறைந்தது. இன்னும் அது சுழியன்று. சுழியாகும்வரை மகிழ இடமுமில்லை. ஆயினும் இந்தக் குறைவு எதனால் வந்தது? மருத்துவர் கையாலும், மருந்துக் கட்டுப்பாட்டாலும், தரைச் சோதனையாலும், இறந்த உடலை அறுத்து உண்மை கண்ட அறிவாலும் வந்தது. "கட்டு இருந்தால் கட்டாதே" என்று குறித்துவைத்தவர்களின் குறிப்பேட்டால் ஒரு குதிரையாவது பிழைத்ததுண்டா?

இனி, கேள்வி கேட்டவரை நேருக்கு நேர் நிறுத்தி இரண்டே இரண்டு வழி காட்டுகிறோம். மூன்றாவது வழி இருந்தால் அவர் சொல்லட்டும். அந்தக் கட்டுக்குக் காரணம் நோயா, நோயில்லையா? நோயில்லை என்றால் அதைப் பற்றி நீர் கணக்குப் போடுவது வீண். நோய்தான் என்றால் அந்தக் குதிரை ஓடவே கூடாது. ஓடக்கூடாத உயிர் ஓட்டப்படுகிறது என்று உமக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்ன செய்தீர்? "நிறுத்து" என்றீரா? இல்லை. சாளரத்துக்கு ஓடிச் சென்று பக்கத்துக் குதிரையின்மீது பணம் கட்டினீர்! அதன் வலியை நீர் அறிந்ததெல்லாம் அதில் ஆதாயம் காணத்தானா?

"அமெரிக்கத் திடலின் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். கதை கிண்டிவரை வந்த கதை. தமிழ்நாட்டு அரசு 1974இல் குதிரைப் பந்தயச் சூதை ஒழிக்கச் சட்டம் செய்தது. சென்னைப் பந்தயக் கழகத்தாரின் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து உச்சநீதிமன்றம் சென்றது. குதிரைப் பந்தயம் வாய்ப்பை மட்டும் நம்பிய ஆட்டமன்று, திறமை மேலோங்கிய ஆட்டம் என்று 1996 ஜனவரி 12ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளும் அதிலே எடுத்துக்காட்டப்பெற்றன. குதிரையின் பிறப்பையும் பழைய ஓட்டத்தையும் ஜாக்கியின் ஆற்றலையும் எடைபோட்டுப் பார்ப்பது திறமை என்பதே அதன் சாரம்.

தீர்ப்பை மதிக்கிறோம். சட்டம் எதைத் தண்டிக்கலாம், எதைத் தண்டிக்கலாகாது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. தண்டனை இல்லை என்பதாலேயே அறிவு ஒப்புக்கொண்டதாகிவிடாது. திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது யாரிடம் உண்டு? குதிரையை நாள்தோறும் தடவும் பயிற்சியாளரிடம் உண்டு. முதுகில் அமர்ந்து அதன் நடையை உணரும் ஜாக்கியிடம் உண்டு. கட்டை அவிழ்க்கும் மருத்துவரிடம் உண்டு. மாதச் சம்பளத்தை மடியில் முடிந்துகொண்டு வந்து, தொலைவில் தெரியும் வெள்ளைத் துணியைப் பார்த்து விதி எழுதும் ஏழைக் குமாஸ்தாவிடம் எங்கே இருக்கிறது? அரைகுறைச் செய்தியை அவன் கையில் கொடுத்து, "நீ திறமைசாலி" என்று முதுகில் தட்டி, அவன் பையைத் தடவுவதற்குத் திறமை என்று பெயரிடலாமா? தோற்றவன் விதியையாவது நொந்துகொள்வான் முன்னாளில். இந்நாளில், "நான் சரியாகப் பார்க்கவில்லை, அடுத்த முறை கட்டை நன்றாகக் கவனிப்பேன்" என்று தன்னையே நொந்துகொண்டு மறுபடியும் வருகிறான். சகுனம் அவனை ஒருநாள் வீட்டுக்குத் திருப்பியது. இந்தப் போலி ஆராய்ச்சியோ அவனை ஒவ்வொரு வாரமும் திடலுக்குத் திருப்புகிறது!

நாம் கேட்பவை மூன்று. எந்தக் குதிரைக்குக் கட்டுப் போட்டாலும், அதன் காரணத்தை மருத்துவர் கையொப்பத்தோடு பந்தயப் புத்தகத்திலேயே அச்சிடுங்கள். நோய்க்காகக் கட்டியது என்றால் அக்குதிரையைக் கொட்டிலுக்கு அனுப்புங்கள். ஓட்டத்துக்குமுன் கட்டு அவிழ்த்துச் சோதித்த முடிவை எல்லார் பார்வைக்கும் வையுங்கள். இந்த மூன்றும் நடந்தால் துணியைப் பார்த்து ஆரூடம் சொல்லும் தொழில் மறுநாளே மாண்டுவிடும். நடத்த மறுப்பார்களானால், மறைவில்தான் தங்கள் ஆதாயம் இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகும்.

பணம் கட்டப் போகும் நண்பருக்கும் ஒரு சொல். முன்னங்காலில் துணி சுற்றிய குதிரையின்மீது பணம் கட்டலாமா என்று கேட்டீர். கட்ட வேண்டா. துணி சுற்றாத குதிரையின்மீதும் கட்ட வேண்டா. குதிரையின் காலில் உள்ள கட்டை அவிழ்க்க மருத்துவர் இருக்கிறார். உம் கண்ணில் உள்ள கட்டை நீர்தான் அவிழ்த்துக்கொள்ள வேண்டும்.